துலாவில் என் நிறை

என் நிறை எவ்வளவு என்று இதில் எங்கும் எழுத மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாசிக்கிறீர்கள் என்றால் இப்போதே எழுந்து போகலாம். பதினேழு வயதுவரை என்னைக் கண்டவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். கேட்காதவர்கள் தாங்களாகவே ஒரு எண்ணைச் சொல்லிச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளின் நிறையை வாய்க்குள் சொல்லி எழுதிவிட்டு, என்னுடையது வந்ததும் "என்ன, என்ன?" என்று இரண்டாம் தரமும் கேட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள். அன்று பின்னேரமே எங்கள் ஒழுங்கையில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த எண் தெரிந்திருந்தது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், பண்டத்தரிப்புக்குக் கிட்ட. அப்பா தோட்டக்காரர், பெரும்பாலும் வெங்காயம். அண்ணை எப்படியோ கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் அப்பா, அம்மா, நான். தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கியபின் மண்ணெண்ணெய் வரக்கூடாது, ரேடியோவுக்குப் போடுகிற பற்றி வரக்கூடாது, சவர்க்காரம்கூட வரக்கூடாது என்று அரசாங்கம் குடாநாட்டைப் பூட்டி வைத்திருந்தது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஒரு போத்தல் மண்ணெண்ணெயை வைத்து என் அம்மா யாரைச் சுட்டிருப்பா?

ஊர் முழுக்க மெலிந்தது. நான் மெலியவில்லை. சில உடம்பு அப்படி. அதை விளக்கிச் சொல்ல எனக்கு அன்றும் பொறுமை இல்லை, இன்றும் இல்லை. பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நிவாரண லொறி நேரை உங்கடை வீட்டையோ வாறது?" என்று கேட்பா. அம்மா பகிடி என்று நினைத்துச் சிரிப்பா. எனக்கு அந்த வேலியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருக்கும்.

எனக்கு நன்றாக வந்த ஒரே விஷயம் படிப்பு. சாதாரணதரப் பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் நல்ல பெறுபேறு. உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடுத்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்பிள்ளை, ஆகவே நான்கு பேர் இருக்கிற வாங்கு ஒன்று முழுவதும் எனக்கு. அதற்கும் ஒரு பகிடி இருந்தது, எழுதவில்லை. பௌதிகம் படிப்பித்த சேர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "விசையும் இயக்கமும்தான் அத்திவாரம். உதைத் தவறவிடுறவை பிறகு வந்து என்னட்டை அழக்கூடாது." பௌதிகம் காலையில் முதற்பாடம்.

அந்த முதற்பாடத்தில்தான் பிரச்சினை வந்தது. எங்கள் இறைப்பு மெஷின் மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் இல்லை, ஆகவே மெஷின் சாக்கால் மூடிக்கொண்டு கொட்டிலுக்குள் கிடந்தது. வெங்காயத்துக்கு அது விளங்குமா? அதற்குத் தண்ணீர் வேண்டும். வேலியோரம் வருஷக்கணக்காய்க் கிடந்து பூசணிக்கொடி படர்ந்திருந்த பழைய துலாவை அப்பா கொடியை வெட்டிவிட்டுத் தூக்கி நிறுத்தினார்.

துலாவைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றடியில் இரண்டு கால்களை நட்டு, உச்சியில் ஓர் அச்சைப் போட்டு, அதன் மேல் நீண்ட மரம் ஒன்றைச் சரிந்தாடும்படி வைப்பார்கள். மரத்தின் ஒரு நுனி கிணற்றுக்கு மேலே நிற்கும். அதிலிருந்து கயிறு தொங்கும், கயிற்றின் முடிவில் பனையோலையால் இழைத்த பட்டை. மறு நுனி வால். ஒருவர் மரத்தில் ஏறி, பக்கத்தில் கட்டிய தடியைப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். வால் பக்கம் நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கீழே கிணற்றுக்கட்டில் நிற்பவர் கயிற்றைப் பிடித்து வழிநடத்தி, வந்த பட்டையை வாய்க்காலில் கவிழ்ப்பார். மூன்றாவது ஆள் தோட்டத்துக்குள் நின்று மண்வெட்டியால் வரம்பை வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறவேண்டும்.

அந்தத் துலா முந்தி இரண்டு ஆம்பிளையள் சேர்ந்து மிதித்தது. இப்போது அப்பா தனியாள். கூலிக்கும் ஆள் இல்லை, ஊரில் இருந்த இளந்தாரிகளில் பாதிப்பேர் நாட்டில் இல்லை, மிச்சப்பேர் வீட்டில் இல்லை. அப்பா மேலே மிதிக்க, அம்மா கிணற்றுக்கட்டில் பட்டை பிடிக்க, நான் தண்ணீர் மாறினேன். தன் பாரம் போதாதென்று அப்பா வாலில் உடைந்த ஆட்டுக்கல் ஒன்றைக் கட்டியிருந்தார். அப்படியும் வால் நுனிவரை போய் நின்று, மரம் இறங்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பார். விடியத் தொடங்கிய இறைப்பு முடிய மத்தியானம் ஆகும். இறைக்கிற நாளெல்லாம் எனக்குப் பௌதிகம் போனது.

ஒரு நாள் இறைத்து முடித்துக் கை கழுவும்போது அப்பா சொன்னார்.

"பிள்ளை, உதுக்கு வேறை வழி இல்லை. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டு."

"நான் சோதினை எழுதவேணும்."

"சோதினை எழுதினாப்போலை வெங்காயம் தண்ணி குடிக்குமோ?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். ஆனால் அவருக்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. அரசாங்கத்தோடு கோபம், மெஷினோடு கோபம், அண்ணையோடு கோபம், எல்லாவற்றையும் விடப் பள்ளிக்கூடம் நிற்பது பற்றி வெங்காயத்திடம் கேட்கிற என் அப்பாவோடு கோபம். அன்று பின்னேரம் முழுக்கக் கிணற்றடியிலேயே குந்தியிருந்து துலாவைப் பார்த்தேன். சாதாரணதரத்தில் படித்த விஷயம்தான். ஒரு விசை ஒரு மரத்தை எவ்வளவு திருப்பும் என்பது, விசை எவ்வளவு, அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொழிற்படுகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வரும். அப்பாவிடம் விசை குறைவு, அதனால் தூரம் போகிறார். தூரம் போக நேரம் எடுக்கிறது. அதே வேலையை விசை கூடிய ஒருவர் செய்தால் வால் நுனிவரை போகவேண்டியதில்லை. பாதித் தூரத்துக்குச் சற்றுக் கூடப் போனால் போதும், மரம் தானாக இறங்கும். விசை கூடிய ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அது யாரென்று ஊருக்கே தெரியும்.

தடி ஒன்றை எடுத்துச் செம்மண்ணில் துலாவைக் கீறி, இரண்டு பக்கமும் தூரம் எழுதி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டினேன். நான் மேலே, அப்பா பட்டை, அம்மா தண்ணீர். பள்ளிக்கூட மணிக்கு முன்னம் இறைப்பு முடியும் என்றேன்.

"குமர்ப்பிள்ளை துலாவிலை ஏறி நிக்கிறதோ?" என்றார் அப்பா. "சனம் என்ன கதைக்கும்?"

"பொம்பிளை மிதிச்சால் கிணறு உவராய்ப் போகுமெண்டு சொல்லுவினம்" என்றா அம்மா.

"மேலை நிண்டால் சுடவாற ஹெலிக்காரன்ரை கண்ணிலை நீதான் முதல் படுவாய்" என்று அப்பா இன்னொன்றையும் சேர்த்துவிட்டார். தான் அவ்வளவு நாளும் அங்கேதான் நின்றவர் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

என் நிறை ஊருக்குப் பகிடியாக இருந்தவரைக்கும் ஒரு கிணறும் உவராகவில்லை. அதை ஒரு வேலைக்குப் பயன்படுத்தப் போகிறேன் என்றதும் ஊர்க் கிணறெல்லாம் உவராகப் போகிறதாம். நான் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்த இறைப்பு நாள் விடிய, அவர்கள் வரமுன்னம் சட்டைக்குள்ளே அண்ணையின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு துலாவில் ஏறி நின்றேன். அப்பா கிணற்றடிக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் இறங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. கயிற்றைக் கையில் எடுத்தார்.

அதற்குள் பக்கத்து வளவு அண்ணை, மாமியின் மூத்த மகன், வேலியடிக்கு வந்துவிட்டார். எங்களுக்கு ஒரு நாளாவது துலா மிதித்துத் தராத மனுஷன் அவர்.

"கவனம் மாமா! உவள் மிதிச்சால் உங்களையும் சேத்துத் தூக்கி ஆகாயத்திலை விட்டிடுவாள்!"

அவர் சொன்னது எனக்குள் குத்திக்கொண்டே நின்றது. பகிடிதான், ஆனால் கணக்கில் வரக்கூடிய பகிடி. நான் இறங்கி, அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே மண்ணில் மறுபடியும் கீறினேன். துலாவின் கிணற்றுப் பக்கம் நீளம் கூட, வால் பக்கம் குறைவு. என் பாரமும் ஆட்டுக்கல்லும் வால் நுனியில் சேர்ந்து நின்றாலும் மறு நுனியில் தூக்கக்கூடியது இவ்வளவுதான். "அப்பா, உங்கடை நிறை என்ன?" என்று கேட்டேன். "நூற்றிநாப்பது இறாத்தல்" என்றார், பிறந்த திகதியைச் சொல்வதுபோல யோசிக்காமல். பட்டை வெறுமையாக இருந்தாலும் நூற்றிநாற்பது இறாத்தலை, கிட்டத்தட்ட அறுபத்துநாலு கிலோவை, அந்தத் துலா தூக்காது. "பாருங்கோ" என்று பக்கத்து வளவு அண்ணைக்குக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் வாய் மூடிக்கொண்டது. எனக்கு அது போதும்.

கணக்குச் சரியாகத்தான் வேலை செய்தது. முதல் நாள் மட்டும் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு பழகிவிட்டது. எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று என் காலுக்கே தெரிந்தது. அப்பா நுனிக்குப் போய்க் காத்துக்கொண்டு நின்ற இடத்துக்கு நான் போகவே வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறமுன்னம் கடைசிப் பாத்தியும் நிரம்பிவிடும். இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்டு, நகத்துக்குள் செம்மண்ணோடு சைக்கிளை மிதித்துப் போய் முதற்பாடத்துக்கு இருப்பேன். சனம் கதைத்தது. கிணறு உவராகவில்லை. என் வாழ்க்கையில் முதன்முதலாக என் உடம்பு எனக்கு ஒரு உபகாரம் செய்தது, அதை நினைத்து நினைத்துத் துலாவில் நடந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பட்டை பிடிக்கிறவர்கள் கயிற்றைக் கைக்குள்ளால் வழுக்கவிட்டு வழிநடத்துவார்கள். அப்பாவும் முந்தி அப்படித்தான் செய்தவராம். இப்போது பட்டை பாதிக்கு வந்ததும் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கத் தொடங்கியிருந்தார். "ஏன் சுத்துறியள்? விடுங்கோ" என்று மேலேயிருந்து கத்துவேன். "பிடி நிக்குதில்லை பிள்ளை" என்பார். மேலே நின்று பார்க்கும்போது அவருடைய தலையும் தோளும் மட்டும்தான் தெரியும்.

பட்டையும் பழையது. அடி உக்கிப்போய் ஓலைத் துண்டு வைத்துப் பொத்திய பட்டை. ஒரு நாள் நான் வால் பக்கம் நடந்துகொண்டிருக்க, அது பாதிக் கிணற்றில் அடி பிரிந்து, தண்ணீர் முழுவதும் ஒரே அடியாகக் கீழே கொட்டியது. சுமை போனதும் மரம் என்னையும் கொண்டு கீழே வந்தது. வால் நிலத்தில் அடிக்க, நான் தடியைக் கட்டிப்பிடித்தபடி மரத்தில் இருந்துவிட்டேன். இடுப்பு முறிந்ததுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிணற்றுக்கட்டில் அப்பா இல்லை. அவர் கிணற்றுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றார். இடுப்பில் கட்டிய சாரம் அவிழ்ந்து ஒரு காலில் சிக்கியிருந்தது. கீழே கிணறு.

அம்மா தோட்டத்துக்குள் இருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தா. வேலியைப் பிரித்துக்கொண்டு பக்கத்து வளவு அண்ணையும் ஓடிவந்தார்.

"இறங்கு பிள்ளை! இறங்கு! கொப்பர் கீழை வரட்டும்!"

நான் இறங்கினால் அப்பா கீழே வருவார்தான், நேரே கிணற்றுக்குள் வருவார். "வாயை மூடுங்கோ அண்ணை!" என்று கத்தினேன். என்னைவிடப் பத்து வயது மூத்த மனுஷனை அப்படிச் சொல்லலாமா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். "அம்மா, கொக்கத்தடியை எடுங்கோ! கயித்தைக் கொழுவிக் கட்டுப் பக்கம் இழுங்கோ!"

அம்மா முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுக்க ஓடினா. அந்த இடைவெளியில் நான் வாலில் கல்லாக இருந்தேன். என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான், பாரமாக இருப்பது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டையின் அடி பிரிந்தபோது மரம் வெட்டி இழுத்ததில் அவர் ஒரு கணம் மேலே போனார் என்றால் சரி, அது நடக்கும். ஆனால் போனவர் திரும்பி இறங்க வேண்டும். நூற்றிநாற்பது இறாத்தல் மனுஷனை இந்தத் துலா தாங்காது, அவருடைய பக்கம் மெல்லச் சரிந்து, என்னைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்க வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. மரம் அசையவில்லை. வால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அப்பா அங்கேயே தொங்கிக்கொண்டு நின்றார்.

என் பாரம் எனக்குத் தெரியும். ஆட்டுக்கல்லின் பாரம் தெரியும். தூரம் நானே அளந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு எண்தான். அன்றைக்குத்தான் கீழேயிருந்து அவரை முழுதாகப் பார்த்தேன். விலா எலும்பு எல்லாம் தெரிந்தது. அவிழ்ந்த சாரத்துக்குக் கீழே தொடை என்று ஒன்று இருக்கவில்லை.

அம்மா கயிற்றைக் கொழுவி இழுத்தா. பக்கத்து வளவு அண்ணையும் சேர்ந்து இழுத்தார். அப்பாவின் கால் கட்டுக்கு நேரே வந்ததும், நான் மரத்தில் இருந்தபடியே அரக்கி அரக்கி அச்சுப் பக்கம் போனேன். நான் போகப்போக அவர் இறங்கினார். கால் கட்டில் பட்டதும் அம்மா அவரை இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தா. மணிக்கட்டுத் தோல் உரிந்து தொங்கியது. அப்பா முதலில் கேட்டது, "பட்டை பழுதாய்ப் போட்டுதோ?" என்று.

பின்னேரத்துக்குள் ஊரில் கதை மாறிவிட்டது. தகப்பனைக் கிணற்றுக்குள் எறியப் பார்த்த பிள்ளையாம். சில பேர் நேரே வீட்டுக்கே வந்து, "இனியாவது கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடு பிள்ளை" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனி நீ ஏறக்கூடாது" என்றார். அப்படியென்றால் பழையபடி மத்தியானம்வரை இறைப்பு, பழையபடி எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கு வேறொரு எண் வேண்டியிருந்தது.

நிவாரணச் சாமான் எடுக்கிற நாள் வந்ததும் அப்பாவையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சங்கக்கடைக்குப் போனேன். அங்கே மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. "ஏறுங்கோ" என்றேன். வரிசையில் நின்ற சனம் பார்க்க, அப்பா என்னோடு சண்டை பிடிக்க வெட்கப்பட்டு ஏறினார். தொண்ணூற்றெட்டு இறாத்தல்.

"உந்தத் தராசு பிழை" என்றார் அப்பா, இறங்கிக்கொண்டே.

நிறுக்கிறவரும் "ஓம், சிலவேளை பிழைதான்" என்று அவருக்கு ஒத்து ஊதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நானே தராசில் ஏறினேன். பள்ளிக்கூட மண்டபத்தில் வாசித்த என் நிறை எனக்குத் தெரியும், அங்கே நின்ற சனத்துக்கும் தெரியும். "இப்ப வாசியுங்கோ, பலமா வாசியுங்கோ" என்றேன். வாசித்தார். அதே எண். ஒரு இறாத்தல்கூட வித்தியாசம் இல்லை. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்து, "தராசு சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குசினிக்குள் மறித்தேன். முதலில் ஒன்றும் இல்லை என்றா. பிறகு அழுதுகொண்டு சொன்னா.

"தோட்டத்திலை சாப்பிட்டனான் எண்டு சொல்லுவார். அங்கை என்ன கிடக்கு சாப்பிட? தன்ரை பங்கை உனக்குப் போடச் சொல்லுவார். படிக்கிற பிள்ளை, பசி இருக்கக்கூடாதாம். உன்னட்டைச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கிப்போட்டார்."

பள்ளிக்கூடத்தை நிப்பாட்டு என்று சொன்ன அதே வாய். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. யாரைக் கேட்டு என் சோற்றுக் கோப்பைக்குள் அவருடைய சோற்றைப் போட்டார்? நான் கேட்டேனா? ஊர் முழுக்க என் உடம்பைப் பார்த்துச் சிரித்தபோது, அதற்குள் எவ்வளவு அவருடையது என்று அவருக்குத் தெரியும்தானே. தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்தாரே.

அடுத்த நாள் வகுப்பில் திணிவும் நிறையும். சேர் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சொன்னார். நிறை என்பது பூமி ஒரு பொருளை இழுக்கிற விசை, அது இடத்துக்கு இடம் மாறும். திணிவு என்பது அந்தப் பொருளில் அடங்கிய சடத்தின் அளவு, அது மாறாது. "ஒரு மனிசனைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் நிறை ஆறிலை ஒரு பங்காகும். திணிவு மாறாது. எங்கை கொண்டுபோனாலும் மாறாது."

"சந்திரனுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை சேர்" என்றேன். எழுந்து நின்றுகொண்டுதான் சொன்னேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "இஞ்சையே வைச்சுச் சாப்பாட்டை நிப்பாட்டினால் திணிவும் மாறும்."

பெடியள் சிரித்தார்கள். சாப்பாட்டைப் பற்றி நான் கதைத்தால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம். சேர் சிரிக்கவில்லை. அவருடைய காற்சட்டைப் பெல்ற்றில் புதிதாக ஒரு ஓட்டை, ஆணியால் குத்தியது, நேராகக்கூட இல்லை. "ஓம்" என்றார் மெதுவாக. "அதுவும் சரிதான். இருங்கோ பிள்ளை." பிறகு அடுத்த கணக்குக்குப் போனார். நான் இருந்தேன், ஆனால் அந்தப் பாடத்தில் மிச்சம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

இறைப்பு நாள் வந்தது. அப்பா புதுப் பட்டையோடு கிணற்றடிக்கு வரும்போது நான் மேலே நின்றேன். "உன்னை ஏறவேண்டாமெண்டு சொன்னனான்" என்றார். "கையிலை சுத்தாமல் பிடியுங்கோ" என்றேன். அவருக்கு வேறு வழி இல்லை, வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. நான் கிணற்றுப் பக்கம் நடந்தேன், பட்டை இறங்கியது, நிறைந்தது. வால் பக்கம் திரும்பினேன். பட்டை கட்டுக்கு நேரே வந்து நின்றது. அப்பா கவிழ்க்கக் கை நீட்டினார்.

"தொடாதேங்கோ" என்றேன். "அம்மா, அப்பாவுக்குச் சாப்பாட்டைக் கொண்டுவாங்கோ."

"இறைச்சு முடிச்சுச் சாப்பிடுறன் பிள்ளை."

"இப்ப சாப்பிடுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை. இல்லாட்டி நான் இதிலையிருந்து அசையமாட்டன்."

அம்மா குரக்கன் புட்டும் சம்பலும் கொண்டுவந்தா. அப்பா கோப்பையை வாங்காமல் என்னை அண்ணாந்து பார்த்தார். வேலியடியில் மாமியின் தலை தெரிந்தது. அவவின் மகனின் தலையும் தெரிந்தது. நிறைந்த பட்டை கிணற்றுக்கு மேலே நின்று மெல்லச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வாலில் நின்றேன்.

"பள்ளிக்கூட மணி அடிக்கப்போகுது" என்றார் அப்பா.

"அடிக்கட்டும்."

"முதல் பாடம் போகப்போகுது."

"போகட்டும்."

கடைசியில் அவர் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து சாப்பிடத் தொடங்கினார். ஆரம்பத்தில் என் மேல் கோபமாகச் சாப்பிட்டார். பாதிக்குப் பிறகு கை கெதியாகப் போனது, பசிக்கிறவரின் கை. அப்போதுதான் பள்ளிக்கூட மணி அடித்தது, எங்கள் தோட்டத்துக்குத் தெளிவாகக் கேட்கும். அப்பா என்னைப் பார்க்காமல் கோப்பையை வழித்து முடித்துவிட்டு, கை கழுவுவதற்காகப் பட்டையை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் அசையவில்லை. "அம்மா" என்றேன். "என்ரை பங்கிலை இருந்து இன்னும் ஒரு அகப்பை போடுங்கோ."